சம்பந்தியின் இடுப்பில் குறைந்த நாலு இஞ்ச்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நல்ல சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அதை முழுசாக நம்பிவிடாதே, காரணம் கீழே வரும். போனிலேயே சொல்லியிருக்கலாம், நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், இது அவள் எதிரில் பேசுகிற விஷயமில்லை. மாடிக் குழாய் ஒழுகியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். கடைக்குப் புது இஸ்திரிப் பெட்டி வந்திருக்கிறது, பழையதை விட்டுப் பிரிய மனமில்லாமல் அதையும் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் உன் மாமனார் கடைக்கு வந்தார். கையில் மூன்று பேன்ட், மூன்றும் உன் கல்யாணத்தின்போது நானே தைத்துக் கொடுத்தவை. ‘இடுப்புல நிக்க மாட்டேங்குது சம்பந்தி, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க’ என்றார். டேப்பைச் சுற்றினால் முழுசாக நாலு இஞ்ச் குறைந்திருக்கிறது. எப்படி என்று நான் கேட்கவேயில்லை, அவரே ஆரம்பித்துவிட்டார். ‘எல்லாம் மாப்பிள்ளை புண்ணியம். ஞாயித்துக்கிழமை ஆனா தானே கூப்பிட்டுருவார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வரிவரியாப் படிச்சு, கொழுப்பு ஏறியிருக்கு மாமா, ராத்திரி சாப்பாட்டைக் குறைங்க, சாப்பிட்டதும் நடங்கன்னு சொல்வார். மூணு மாசச் சர்க்கரை ஏழுக்கு மேல இருந்தது, இப்ப ஆறுக்குக் கீழ வந்துடுச்சு’ என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று சொல்கிறார். வாயில் குண்டூசிகள் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும்படி உன்னைப் படிக்க வைத்தது நான், பலன் அவர் இடுப்பில் தெரிகிறது. ஆத்திரத்தில் அரை இஞ்ச் கூடுதலாகப் பிடித்துவிட்டேன். மனுஷன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போட்டுப் பார்த்துவிட்டு, ‘பரவாயில்ல, அடுத்த மாசம் சரியா இருக்கும்’ என்று சிரித்துக்கொண்டே போனார். அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டுமா.

அம்மாவிடம் புலம்பினேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், ‘அவன் உங்க உடம்பைப் பத்திக் கேட்டப்பல்லாம் எனக்கென்னடா கேடு, ஊருக்கு வைத்தியம் பாருன்னு வாயை அடைச்சது யாரு’ என்று என் மேலேயே பாய்ந்தாள். அடைத்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பன் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்கக் கூடாதா? மாமனார் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாயா?

சரி, எனக்கும் ரத்தம் இருக்கிறது என்று நானும் பரிசோதனைக்குக் கிளம்பினேன். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அதனால் அதற்கு முன்னால் இரண்டு நாள் ஏறக்குறைய பட்டினி, வெறும் தண்ணீர், சர்க்கரை போடாத டீ. கடையில் தலை சுற்றிக் கத்தரிக்கோலைக் காலில் போட்டுக்கொள்ள இருந்தேன், நீ இப்படிச் செய்தால் தோலை உரித்துவிடுவேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அருமையாக வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் அடுத்த வரியில் விரலை வைத்து, ‘பட்டினி கிடந்தீங்களா ஐயா? அதுல வெறும் வயித்துச் சர்க்கரை இறங்கும். ஆனா மூணு மாசச் சராசரின்னு ஒண்ணு இருக்கே, போன மாசம் நீங்க குடிச்ச டீ கூட அதுல தெரியும்’ என்றாள். ஆறு புள்ளி மூன்று. இன்னும் சர்க்கரை வியாதி இல்லையாம், வாசலில் நிற்கிறதாம். எடை கூட அவ்வளவு மோசமில்லை, எல்லாம் வயிற்றில்தான் என்று அளந்து காட்டினாள். எனக்கே தெரியாமல் போனது எப்படி என்று கேட்கிறாயா? என் பேன்ட்டை நானே தைக்கிறேனே. இறுகும்போதெல்லாம் ஒரு விரல் விட்டுக்கொடுத்து, இத்தனை வருஷமும் ஒரே இடுப்பு என்று நினைத்திருக்கிறேன். டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னாள், மெஷினைவிட்டு அடிக்கடி எழுந்து நடக்கச் சொன்னாள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். எல்லாம் செய்கிறேன், பட்டினி மட்டும் கிடப்பதில்லை.

இனிதான் போனில் சொல்ல முடியாதது. அந்த ஆறு புள்ளி மூன்றைக் கேட்டதும் நான் பயப்படவில்லை, சிரித்துவிட்டேன். டாக்டரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்பாடா, இனி என் மகன் எனக்கும் கூப்பிடுவான் என்று இருந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் வேறொன்று தோன்றியது, இதைக் குறைத்துவிட்டால்? அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் இந்த நினைப்புதான், கால் பின்னுகிறது.

ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் மாமனாரிடம் மூச்சு விடாதே. அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். நீயும் மருமகளும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், அவளையும் சமையலில் தனியாக விடாதே. ஞாயிற்றுக்கிழமையில் முதல் போன் எனக்கு, மறக்காதே. சர்க்கரையை நான் கட்டாயம் இறக்கிவிடுவேன். இறங்கிய பிறகும் கூப்பிடு.

உன் மேல் கோபமில்லாத, கொஞ்சம் பொறாமை மட்டும் உள்ள,
அப்பா