முப்பத்தோராம் நாள் பேச வேண்டிய ரேடியோ

என் அருமை அத்தானுக்கு,

முதலில் ஒரு களவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூக்குக்கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் செத்தவீட்டுச் சனம் எழும்பிப் போன கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா அதைத் தேடி அலுமாரியெல்லாம் இழுத்துப் போட்டு, கடைசியில் பூனையை ஏசினா. நானும் சேர்ந்து பூனையை ஏசினேன்.

கோபிக்காதீர்கள். கண்ணாடி இல்லாமல் உங்கள் கையடக்க ரேடியோக்களுக்குள் இருக்கிற தலைமயிர்க் கம்பிகள் எனக்குத் தெரியவில்லை. கிரானுக்கும் கரடியனாற்றுக்கும் மீன் விற்கப் போய், வீடு வீடாக ஊமை ரேடியோ கேட்டு வாங்கி வருவது நான். பேச வைப்பது நீங்கள். இப்படிப் பாதியில் விட்டுப் போனால் உங்கள் பாதியை யார் செய்வது?

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாரியில் கூரை ஒழுகி, பேசிக்கொண்டிருந்தவையும் ஊமையாகிவிட்டன. இப்போது உங்கள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள், ரேடியோக்கள் கிடக்கிற அறை வேண்டும். அக்கா சாக்கோடு நின்றா.

"முப்பத்தொண்டுப் படையலுக்கு இதில ஒண்டாவது அவர்ட படத்துக்கு முன்னால பேசட்டும்டா. பேசினா வைச்சிருப்பன். பேசாட்டி எல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு."

"கொஞ்சம் பொறு கா."

"என்னத்தப் பொறுக்கிற? மனிசன் என்னோட பேசினத விட அதுகளோடதான் கூடப் பேசினவர்."

சவர்க்காரக் கட்டி அளவில், தோல் உறை போட்ட உங்கள் செல்ல ரேடியோவைத்தான் திறந்தேன். உள்ளே கறுப்புக் கோலில் சுற்றிய கம்பி அறுந்திருந்தது. இரண்டு தரம் ஈயம் உருக்கி ஒட்டு வைத்தேன்; இரண்டு தரமும் கம்பி கருகியது. இன்னும் ஒரு தரத்துக்குத்தான் நீளம் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அன்று பொழுதுபட, வாவிக் கரையில் இந்திய நிலையம் கேட்டது. துள்ளினேன். தோணிக்காரர் ஒருவர் எனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று தள்ளிப் போனார்.

முப்பத்தோராம் நாளும் விளக்கு வைக்கிற நேரம். வாழையிலையில் பால்சோறு, பாயாசம், பலகாரம், வெற்றிலை, நடுவில் ரேடியோ. எல்லாம் உங்கள் படத்தைப் பார்த்தபடி. சக்கரத்தைத் திருப்பினேன். இரைச்சல் மட்டும்தான். இன்னும் திருப்பினேன். அதே இரைச்சல். கதவடியில் சாக்கு மடித்துக் கிடந்தது; அக்கா அதைப் பார்த்தா.

அப்போதுதான், ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு கோழி மாதிரிச் சுற்றிச் சுற்றி நிற்பீர்களே, அது நினைவு வந்தது. அந்தக் கறுப்புக் கோல் நிலையத்துக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். நுனியைக் காட்டினால் ஒன்றும் கேளாது. கையை நீட்டினேன்.

"டேய் யோகன், கையை எடு!" என்றார் உங்கள் பெரியண்ணன். "படைச்ச சாமான் தம்பியப் பாத்தபடிதான் இருக்கோணும். திருப்பப்படாது."

"கொஞ்சம் திருப்பினாப் பேசும் அண்ணே."

"படையலுக்குப் பேச்சு என்னத்துக்கு? அவன் சாப்பிடட்டும்."

அக்கா எழும்பினா.

"அப்ப அவரைத் திருப்புங்க."

உங்கள் படத்தை முக்காலியோடு தூக்கிப் பக்கச் சுவரடியில் வைத்தா. நான் வாழையிலையைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். ரேடியோ மறுபடி உங்களைப் பார்த்தது, பேசத் தொடங்கியது. மாட்டுக்குக் கால்நோய் வந்தால் என்ன செய்வதென்று ஒரு வைத்தியர் சொன்னார். சனமெல்லாம் கைகூப்பிக் கேட்டது.

"இதத்தான்டா அவர் நாளாந்தம் கேக்கிறவர்," என்று அக்கா அழுதா.

மாடே இல்லாத வீட்டில், ஏன் அத்தான்?

சாக்கு உள்ளே போய்விட்டது. ரேடியோக்கள் அக்காவின் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்றாக எல்லாவற்றையும் பேச வைப்பேன், பிள்ளை நித்திரை கொள்ளும் நேரம் தவிர. இது சத்தியம்.

மற்றது, படத்தைத் திருப்பியதில் மாலை நுனி விளக்கில் பிடித்துக்கொண்டது. பெரியண்ணன் பாயாசத்தை ஊற்றி அணைத்தார். அது ரேடியோவுக்குள்ளும் போய், வைத்தியர் பாதியில் நின்றுவிட்டார். படத்தில் உங்கள் மூக்கில் பாயாசத்துக் கஜுப் பருப்பு ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மனிசியின் ஒரே தம்பி,
மச்சினன் யோகன்