ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிம்பஸ்

மே 11, சனி

சபைக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது இந்த வாரம் எங்கள் முறை. என் கணவர் லேலண்டுக்குக் கண்ணாடிக் கதவுகள், எனக்குக் கழிவறை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கழிவறைதான். கூடத்தில் என் சிநேகிதி டார்லாவின் வீட்டுக்காரர் கெண்ட் வேக்குவம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாளியோடு போனதும் அதை நிறுத்தினார். லேலண்ட் தூரத்தில்தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர் ஹாட்ச், போன சனிக்கிழமை ஒலிம்பஸ் மலை ஏறினேன். உச்சியில ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஏறுறவங்க பேர் எழுத உள்ள ஒரு நோட்டு. அதுல உங்க கோல்பி பேரைப் பார்த்தேன். ஏப்ரல் தேதி போட்டிருந்துச்சு."

வேறு யாராவது கோல்பி ஹாட்ச் இருப்பான் என்றேன்.

"ஞாயிறு வகுப்புல ஆறு வருஷம் நான்தானே அவனுக்கு டீச்சர். கையெழுத்து தெரியாதா எனக்கு?"

ஆக, என் மகன் உயிரோடு இருக்கிறான். இந்த ஊரிலேயே இருக்கிறான். என் சமையலறை ஜன்னலில் நாள் முழுக்கத் தெரிகிற மலையில். இரண்டு வருடமாக நான் அவனை எங்கெங்கே வைத்துப் பார்த்தேன் — டெக்ஸாஸில், ஜெயிலில், சவக்கிடங்கில்கூட.

லேலண்டிடம் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். சபையில் அம்மாக்களுக்கு ஆளுக்கொரு சாக்லேட். சபை ஊழியத்துக்காக வெளியூர் போன பிள்ளைகள் இன்று வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள். எதிர்வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினது எங்கள் வாசல்வரை கேட்டது. சாக்லேட்டைக் கார்லயே விட்டுட்டேன். உருகிப்போச்சு.

மே 13, திங்கள்

இதை நான் இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு வருட ஊழியம் என்று பிரேசிலுக்குப் போனவனை நாலே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூக்கமில்லை, மூச்சு முட்டுகிறது என்கிறான், குளியலறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான் என்று கடிதம் வந்தது. முழுசாக முடித்து வருகிற பிள்ளைகளுக்கு விமான நிலையத்தில் பேனர், பலூன், பாட்டு, மொத்தச் சொந்தமும் வந்து நிற்கும். நாங்கள் இரண்டே பேர் போனோம். பலூன் வாங்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆமாம், வெட்கம். அந்த வார்த்தைதான்.

அன்று சாயங்காலம் மேசையில் லேலண்ட் சொன்னார். "இப்படி வர்றதுக்குச் சவப்பெட்டியில வந்திருக்கலாம்."

கோல்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தான். நான் சொன்னது என்ன தெரியுமா — "சாப்பாடு ஆறுது." அவ்வளவுதான். பெத்தவ சொன்னது அவ்வளவுதான்.

பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் படுக்கை மடித்துக் கிடந்தது, ஆள் இல்லை.

ஜூன் 1, சனி

மலை ஏறப் போனேன், ஓடைவரைதான் போக முடிந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பினேன். முழங்கால் டாக்டர் முன்பே சொன்னார், "ஏறலாம், இறங்கத்தான் கூடாது" என்று. நல்ல டாக்டர்.

ஜூன் 7, வெள்ளி

நிலவறைப் படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினேன். லேலண்ட் மேலே இருந்து, "எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

ஜூன் 15, சனி

ஏறிவிட்டேன். எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

காலையில் ஐந்து மணிக்கு, "மலைக்குப் போறேன்" என்றேன்.

"தனியாவா? உனக்கு ஐம்பத்தொன்பது வயசு, மார்வா."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாலு மைல்கூட வராத பாதை, நாலாயிரம் அடி ஏற்றம். ஓடையைத் தாண்டினால் புதரும் சரளைக்கல்லும்தான், நிழல் என்று ஒரு முழம் கிடையாது. என்னைத் தாண்டி ஓடின ஒரு பெண், "சூப்பரா ஏறுறீங்க ஆன்ட்டி" என்றாள். அவள் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் நான் ஏறக்குறைய அங்கேயே இருந்தேன். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் போனாள், பாவம்.

கணவாய்க்கு மேலே பாதையே இல்லை. வெறும் பாறை. கைக்குழந்தை மாதிரி தவழ்ந்து ஏறினேன். ஓரிடத்தில் கீழே பார்த்துத் தொலைத்தேன். ஊர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் காலுக்கடியில் கிடந்தது. இங்கிருந்து விழுந்தால் லேலண்ட் என்ன சொல்லுவார், சமைத்து வைக்காமல் போய்விட்டாள் என்பாரோ என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கை வழுக்கப் பார்த்தது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

உச்சியில் அந்தப் பெட்டி. மூடி துருப்பிடித்துப் போய்ப் பாதி உடைந்திருந்தது. நோட்டில் ஜனங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் — மோதிரம் போட்டோம், நாய் முதல்முதலாக ஏறியது, எனக்குக் கேன்சர் போய்விட்டது. நடுநடுவே அவன். தேதி, பேர், ஒரு வார்த்தை.

ஏப்ரல் 28. கோல்பி ஹாட்ச். பனி.

மே 5. கோல்பி ஹாட்ச். காற்று.

மே 12. கோல்பி ஹாட்ச். யாருமில்லை. நல்லது.

அன்னையர் தினத்தில் இங்கே உட்கார்ந்து, யாருமில்லை, நல்லது என்று எழுதியிருக்கிறான் என் பிள்ளை.

அப்புறமும் இருந்தன, கடைசியாக ஜூன் 9 வரை. எல்லாவற்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் ஒரு நோட்டு போதாது. கடைசியில் எழுதினது: "கோல்பி, அம்மா வந்திருந்தேன். போன் நம்பர் மாறவில்லை."

இறங்க ஆறு மணி நேரம் ஆனது. டாக்டர் சொன்னது சரி.

ஜூன் 16, ஞாயிறு

திருவிருந்து நடக்கும்போது கைப்பையில் இருந்த காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 28, மே 5, மே 12, எல்லாமே ஞாயிறு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மலை ஏற மாட்டார்கள், கடைக்குக்கூடப் போக மாட்டார்கள். அவனைத் தெரிந்த ஒருத்தர் முகத்திலும் முழிக்க வேண்டாம் என்று நிச்சயமாக நம்பக்கூடிய ஒரே நாள். யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில் அவன் என் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

போன் வரவில்லை. தாங்க முடியாமல் டார்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஞாயிறு விஷயத்தையும். யாரிடமும் சொல்லாதே என்றேன். "நான் போய் சொல்லுவேனா? ஜெபம் மட்டும் பண்ணுவேன்" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

குளிக்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 29, சனி

சாயங்காலம் டார்லா வந்தாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, காலில் கட்டோடு.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸ், மார்வா. இன்னைக்கு நாங்க போனோம். பெண்கள் சங்கத்துல பதினோரு பேர்."

"எங்கே போனீங்க?"

"எங்கேயா? மலைக்குத்தான். எல்லாரும் அந்த நோட்டுல கோல்பிக்கு எழுதினோம். உன்னை நேசிக்கிறோம், உனக்காக உபவாசம் இருக்கோம், உன் இடம் காலியா இருக்குன்னு. சாக்லேட் பிஸ்கட் ஒரு டப்பா வச்சிட்டு வந்தோம், அவனுக்குப் பிடிக்குமே."

சங்கத்தின் ஜெபக் குறிப்பில் கோல்பி பேரைப் போட்டாளாம். சும்மா ஒரு பேர்தானே என்று போட்டாளாம்.

திட்ட வாய் வரவில்லை. அவளுக்குக் கனத்த உடம்பு, ஆஸ்துமா. என் மகனுக்காக அந்தப் பாறையில் ஏறியிருக்கிறாள். கட்டிப்பிடித்து அழுதேன். அவள் போனதும் காலண்டரைப் பார்த்தேன். நாளைக்கு ஞாயிறு.

ஜூலை 27, சனி

கெண்ட் மறுபடி ஏறிவிட்டு வந்தார். ஜூன் 23-க்கு அப்புறம் கோல்பி பேர் இல்லையாம். பிஸ்கட் டப்பா மூடியைத் திறக்காமல் அப்படியே இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் லேலண்ட் டை கட்டிக்கொண்டிருக்கும்போது, "இன்னைக்கு நான் வரல" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வரல."

முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. என் மலைக் காலணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

பேர் எழுதாவிட்டாலும் ஞாயிறு ஏறாமல் இருக்க மாட்டான் என்று நம்பித்தான் போனேன். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். தாடி. மெலிந்துபோயிருந்தான். என்னைக் கண்டதும் நின்றான். திரும்பி மேலேயே போய்விடுவானோ என்று பயந்தேன்.

"அம்மா" என்றான். அப்புறம், "தனியாவா வந்தே?"

"தனியாத்தான்."

"நிஜமாவா?"

எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான். கூட யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். எங்கே இருக்கிறாய் என்றேன். "இருக்கேன்." வேலை? "இருக்கு." அந்த நாள் நான் வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும், சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். சரளைக்கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எழுதினதை மறுநாளே பார்த்தேன்மா. அந்த வாரம் மூணு தடவை உன் நம்பரைப் போட்டேன். கடைசி நம்பர்ல கட் பண்ணிட்டேன். ஜூன் முப்பது ஏறும்போது, இன்னைக்கு இறங்கினதும் பேசிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்."

மிச்சம் எனக்குத் தெரியும்.

"பதினோரு பேர். என் பேர் எழுதின பக்கத்தைச் சுத்தி, ஒரு ஓரம் விடாம. அந்த வீட்டுல, அந்தச் சபையில எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. இங்க மட்டும்தான் யாரும் பார்க்கல. இங்கயும் வந்துட்டாங்க."

"அவங்க நல்ல எண்ணத்துலதான் —"

"தெரியும்மா. எப்பவும் நல்ல எண்ணம்தான்."

என் முட்டியைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் கீழேவரை கூட்டி வந்தான். பெரிய படிகளில் அவன் முதலில் இறங்கித் திரும்பி நின்று தோளைக் கொடுத்தான். நாலு மணி நேரம். அவ்வளவு நேரம் அவனைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார் பக்கத்தில் சொன்னான்: "இனிமே வராதேம்மா. யாரையும் அனுப்பாதே. எனக்கு வேற இடம் இல்ல."

"அப்போ உன்னை எப்படிடா பார்க்கிறது?"

நான் வண்டியைக் கிளப்புகிறவரை நின்றான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அவன் போன் பண்ண இருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பண்ணியிருப்பான். திறக்க வேண்டிய நாளில் மூடி வைத்தேன், மூடி வைக்க வேண்டிய நாளில் திறந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பிஷப் யார்டன் என்னை ஆலோசனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். வார நாளில் அவர் பல் டாக்டர், வலிக்காமல் பிடுங்குவார். லேலண்ட் அவருடைய உதவியாளர் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டார்லாவும் இருந்தாள்.

"சிஸ்டர் ஹாட்ச், கோல்பி ஞாயிறுலதான் ஏறுறான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் ஆண்கள் பத்துப் பேர் விடியறதுக்குள்ள ஏறி உச்சியில காத்திருப்போம். ஆடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லகூடத் தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்கார்."

எல்லோரும் தலையாட்டினார்கள். லேலண்ட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. வேதத்தில் தொலைந்த ஒரு ஆட்டுக்காக மேய்ப்பன் மிச்சத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒற்றை ஆளாகத்தானே தேடிப் போனான். இவர்கள் தொண்ணூற்றொன்பதையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

"அவன் இங்க இல்ல" என்றேன். "போன வாரம் எனக்குப் போன் பண்ணினான். ஐடஹோ பக்கம் போயிட்டான். பாய்சியில மரக்கடை ஒண்ணுல வேலை. நல்லா இருக்கானாம். மலையெல்லாம் விட்டுட்டானாம்."

மரக்கடை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஜெப அறையில், பிஷப் முகத்தைப் பார்த்து, தடுமாறாமல் சொன்னேன். டார்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நன்றி சொல்லி முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு லேலண்ட் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"என்னைப் பத்தி எதாவது கேட்டானா?"

இரண்டு வருடத்தில் அவனைப் பற்றி அவர் பேசின முதல் வார்த்தை. இங்கேதான் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த ஞாயிறு உச்சியில் போய் நிற்பார், நிச்சயம் நிற்பார்.

"இல்ல" என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையிலிருந்து நல்ல வெயில். மலை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது, ஒரு மேகமில்லை. சபைக்குப் போய்விட்டு வந்தோம்.

லேலண்ட் தன் போனில் பாய்சி ஊர் வானிலையைப் போட்டு வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அங்கே மூன்று நாளாக மழை, குளிர் வேறு இறங்கிவிட்டது என்றார். "கோட்டு எதாவது எடுத்துட்டுப் போயிருப்பானா?" என்று கேட்டார்.

எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்றேன்.