உங்கள் சோப்பு

அன்புள்ள மாமாவுக்கு,

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

அப்பாவின் காரைச் சரிசெய்தாயிற்று. தொப்பூர் ஏற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்த இஞ்சினில் நீங்கள் பச்சைத் தண்ணீர் ஊற்றியதில் அதன் மேல்மூடியான அலுமினிய ஹெட்டு விரிசல் விட்டதல்லவா? சேலத்து வெல்டர் ஒருவர் நம் வாசலுக்கே வந்து அதைப் பற்றவைத்தார். அன்றைக்கு அப்பா உங்களைப் பேசியதை நான் திரும்ப எழுதப்போவதில்லை.

அலுமினியம் எவ்வளவு சூடானாலும் சிவக்காதாம். சும்மா இருப்பதுபோலவே இருந்து, திடீரென்று உருகிக் கொட்டிவிடுமாம். அதனால் முதலில் அதன்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுகிறார். சோப்பு கருகினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

“சோப்பு இருந்தா ஒண்ணு குடுங்கம்மா” என்று கேட்டார்.

எங்களுடையது தீர்ந்துபோய், குளிக்கிற இடத்தில் உங்கள் சோப்புதான் இருந்தது, நீங்கள் கோபித்துக்கொண்டு பெங்களூருக்குப் போன அன்று வைத்தபடியே. வேறு வழியில்லாமல் அதை எடுத்து வந்தேன். அப்பா என் கையைப் பார்த்தார். சட்டைகூடப் போடாமல் கடைக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்தார்.

“அதைக் கொண்டுபோயி அங்கியே வை. மாப்ள வந்தா தேடுவாரு” என்றார்.

வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் அம்மா