சங்கொலி ஓய்ந்தபின் வந்த அலரி

நலம் பெருகுக, நெறி தழைக்க. நீலவரை நாட்டைப் புரந்தருளும் கோமான் அடலேறு மாறவேளின் திருவடி நிழலில் நின்று, பெருவழி அமைச்சன் நன்செங்கீரன் விடுக்கும் ஓலை. தென்வரைக் கூற்றத்தின் காவலர், சொல் தவறாத வேள் பெருந்தழையனார் கண்டு தெளிக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் மக்கள் பிணியின்றி வாழ்க.

பனிச்சுனை ஊரின் மருந்து வண்டியை அவ்வூரிலேயே நிறுத்த வேண்டித் தாங்கள் விடுத்த விண்ணப்பம் அவையேறியது. அலரி என்பாள் உரைத்ததையும், தேர்வு மண்டபத்து வாயிலோன் வாக்கையும் கேட்டறிந்தோம்.

அவ்வூரின் பழைய வண்டியோட்டி கண் மங்கி ஓய்ந்தபின், மழைக்காலத்துக்குள் ஓட்டுரிமை பெற்ற ஒருவர் அமையாவிடில் வண்டி வேற்றூருக்குப் போகும் என்பது ஆணை. மாடு பூட்டத் தெரிந்தவர் பலரிருந்தும், தலைநகர் வந்து வழிநெறித் தேர்வில் விடை கூறத் துணிந்தவள் அலரி ஒருத்தியே. மூச்சிரைப்பால் படுத்திருக்கும் அவள் கணவனின் உயிர் அவ்வண்டியில் வரும் மருந்தில் தொங்குகிறது. ஆதலால் உலை வைக்கும்போதும் நீர் மொள்ளும்போதும் விதிகளை முணுமுணுத்தே மனத்தில் ஏற்றினாள்.

தேர்வு நாளன்று கோழி கூவுமுன் புறப்பட்டு, முதல் ஓடத்திலேயே ஆறு கடந்தாள், உண்ணவும் நிற்கவில்லை. நகரின் அகழிப் பாலத்தை அணுகியபோது அரசமாதேவியின் விழா யானைகள் எதிரே வந்தன. காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினர். தேர்வுக் கதவு அடைபட்டுவிடும், ஓரமாக ஓடிவிடுகிறேன் என்று அவள் கைகூப்பி வேண்டினாள். யானை கடக்கும்வரை எவரும் பாலத்தில் கால் வைக்கலாகாது, எங்களுக்கும் வேறு வழியில்லை தாயே என்று அவர்கள் விடையிறுத்தனர். யானைகளோ பாலத்தின் நடுவே கரும்பு தின்ன நின்றுவிட்டன. அவளும் நின்றாள். வேறென் செய்வாள்?

வழி விட்டதும் கூந்தல் அவிழ ஓடினாள். மண்டபப் படியில் கால் வைக்கையில் சங்கு முழங்கி ஓய்ந்தது, தாழ் விழுந்தது. தட்டினாள், கெஞ்சினாள். இனித் திறந்தால் தன் பிழைப்புப் போகும் என்று வாயிலோன் உள்ளிருந்தே சொன்னான். சாளரத்தின் வழியே முதல் வினா அவள் செவியில் விழுந்தது: அரச யானைகள் எதிர்வரின் ஓட்டுவோர் செய்யத்தக்கது யாது? நிற்க வேண்டும் என்று அலரி வெளியிலிருந்து உரக்கச் சொன்னாள். எவரும் திரும்பவில்லை. மீண்டும் சொன்னாள். பின்பு படியிலேயே அமர்ந்துவிட்டாள்.

இவற்றை யாம் கோமானிடம் பணிந்துரைத்தோம். கோமானோ, ஒருத்திக்குத் திறந்த கதவை அடுத்து வருவோனுக்கு எவ்வாறு அடைப்பது என வினவியருளினார். அடுத்த தேர்வு மழை ஓய்ந்த பின்னரே.

ஆகவே ஆணை யாதெனில், வண்டியும் மாடுகளும் மலையடிவாரத்துக் கல்லாறை ஊருக்கு ஒப்புவிக்கப்படுக. அலரி தன் கணவனுக்கு வேண்டும் மருந்தை ஆங்குச் சென்று பெறலாம் என அறிவிக்க. நோயாளியைத் தனியே விட்டு அவள் மலையிறங்கி ஏறவேண்டும் என்பதை யாம் அறியாதவரல்லோம். வண்டி போகும் நாளில் அதை அவள் தெருவழியே ஓட்டாது, ஆற்றங்கரைப் பாதையில் கொண்டு செல்க. எம் அதிகாரத்துக்கு எட்டிய கருணை இவ்வளவே.

அரக்கிட்டுப் பெருவழி முத்திரை பதித்தோம். கண்டவாறே நிறைவேற்றுக.