பேசாத பஸ்

மரப் பஸ்ஸின் அடிப்பலகையை இப்போதுதான் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் துண்டாகக் கிடக்கிறது. எலி வேலை இல்லை, கட்டரால் வெட்டியது. இரண்டு முனைகளிலும் கரடிப் படம் போட்ட பிளாஸ்டர். குழந்தைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் ஒட்டுவாயே, அதுதான். மருந்து வாசம் இன்னும் போகவில்லை. நீ போய் ஒரு மாதமாகிறது.

வலியசாலையில் நீ பிளே ஸ்கூல் தொடங்கிய புதிதில் என்னிடம் புலம்பினாய். பிள்ளைகள் பத்து வரை பாட்டாகப் பாடுகிறார்கள், "மஞ்சாடி அஞ்சு எடுத்துத் தா" என்றால் அந்தச் சிவப்பு விதைகளைக் கை நிறைய அள்ளித் தருகிறார்கள் என்று. "வெளையாட்டா ஏதாவது பண்ணிக் கொடேன்டா. இஞ்சினீயர்னு பேரு மட்டும் வெச்சிண்டிருக்கியே."

பண்ணினேன். சிவப்பு பெயிண்ட், பத்து சீட். மரப் பொம்மைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்தால் விளக்கு எரியும். "ஒண்ணு", "ரெண்டு" என்று பஸ் சொல்லும். என் குரல். கழக்கூட்டத்தில் ஆபீஸ் பார்க்கிங்கில், ஹைவே இரைச்சல் விழாமலிருக்கக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தது. உன்னிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்: பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல். ஆபீஸில் நான் எழுதிய புரோகிராமை மற்றவர்கள் குறை சொல்லிக் கிழிப்பார்கள், அவர்கள் எழுதியதை நான் கிழிப்பேன். எங்கள் தொழிலே அப்படி. "சொல்லாம இருப்பேனா?" என்றாய்.

கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தேன். "நன்னா ஓடறதுடா. யாரு கண்டக்டர்னு தெனம் சண்டை. ஒன் கொரலைக் கேட்டாத்தான் ஒக்காரறதுகள்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் இன்னும் இரண்டு பஸ் செய்தேன். போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்து அங்கன்வாடிக்கு நாம் இருவரும்தான் ஜீப்பில் அவற்றைக் கொண்டுபோனோம். பிள்ளைகள் என் குரலோடு சேர்ந்து கத்தியதைக் கேட்டு நான் இளித்துக்கொண்டு நின்றேன். நீ ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நீ கிடந்தபோதும் கேட்டேன், பஸ் எப்படி என்று. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

இன்று காலை ஸ்கூலுக்குப் போனேன். பஸ் ஊமையாக இருந்தது. ரிப்பேரோ என்று ஆயா சேச்சியிடம் கேட்டேன்.

"சவுண்டோ? அது ஆத்யமே டீச்சர் கட் செய்ததல்லே, சாரே!"

ஆரம்பத்திலேயே. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள். பஸ் பேசினால் பிள்ளைகள் எண்ணுவதில்லையாம், கூடப் பாடுவதோடு சரியாம். கண்டக்டர் எண்ணிச் சொன்னால்தான் வண்டி நகரும் என்று நீ விதி போட்டாயாம். ஒரு வாண்டு அதை எனக்கு நடத்தியே காட்டியது. பொம்மைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, "ஏழாளு. போட்டே!" என்று கத்தி வண்டியைக் கிளப்பியது. அதனிடம் அஞ்சு மஞ்சாடி கேட்டேன். அஞ்சுதான் தந்தது. சேச்சியிடம் கேட்டு பஸ்ஸை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

சரி, நீ செய்தது சரி. அதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஊரில் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள், எனக்கு மட்டும் எதற்குப் பிளாஸ்டர் ஒட்டினாய்? உடைந்துபோவேன் என்றா? ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது, நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. உன் பள்ளித் தோழனான எனக்குத் தெரியாது. என் மனசு நோகக் கூடாதென்று போனக்காட்டுப் பிள்ளைகளை இத்தனை நாள் சும்மா பாடவிட்டாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பஸ்ஸை மூடி ஸ்க்ரூ போட்டுவிட்டேன். ஒயரைச் சேர்க்கவில்லை. நாளை அதைச் சேச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே போனக்காடு போகிறேன். கட்டர் பையில் இருக்கிறது. முதலில் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்வேன்: "டீச்சர், இது பேசினா பிள்ளைங்க எண்ண மாட்டாங்க. நான் செஞ்சதுல தப்பு இருக்கு." அவர் என் முகத்தைப் பார்த்துத் திட்டினால் திட்டட்டும். அதற்குப் பிறகுதான் வெட்டுவேன். முனையில் சுற்றக் கறுப்பு டேப் வைத்திருக்கிறேன். கரடிப் படமெல்லாம் கிடையாது.