போனை யார் எடுப்பது?

மே 4, 1993

ஆயர் ஈத்தாமில் தூண்மேல் நிற்கும் ஒரு பலகை வீடு. தரைக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டையெல்லாம் கரையான். வெளியே வரும்போது முழங்கால் மடங்கமாட்டேன் என்றது. அப்துல் அஜீஸ்தான் கையைப் பிடித்து இழுத்தான்.

"இனிமே நீங்க மேல நில்லுங்க லா அக்கா."

மேலே நின்றால் கரையான் தெரியுமா? என் வீட்டுக்காரர் இறந்த நாளிலிருந்து இந்தத் தொழிலை இழுத்துக்கொண்டு போவது நான்தான். மருந்து அடிக்க அஜீஸ், பிட் ஸ்ட்ரீட் மாடி ஆபீசில் போன் எடுக்கச் சபூரா. கம்பெனி என்றால் அவ்வளவுதான். பெரிய ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு வேலை பாதியாகிவிட்டது. இனி இரண்டு பேரை வைத்தால் கட்டுப்படியாகாது. யாரை நிறுத்துவது?

மே 6

அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்தான். நமக்கு வரும் அழைப்பெல்லாம் அவன் ஆபீசுக்குப் போகுமாம். அங்கே உள்ள பெண்கள் நம் கம்பெனிப் பெயரைச் சொல்லி எடுத்து, என் பேஜருக்குத் தகவல் அனுப்புவார்களாம். செலவு சபூரா சம்பளத்தில் கால்வாசி.

"ஸ்டாஃப் இருக்கிற மாதிரியே இருக்கும் மேடம். ஆனா இருக்க மாட்டாங்க" என்று சிரித்தான்.

அப்போது சபூரா அவனுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மே 9

ஈப்போவில் இருக்கும் எங்கள் சொந்தம், செல்வநாயகி அக்கா நேற்றும் கூப்பிட்டாராம். தன் மகனுக்கு என் மகள் கௌரியைக் கேட்கிறார். இன்ஜினியர் பையன், நல்ல குடும்பம். இது மட்டும் கூடிவந்துவிட்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

சபூரா வழக்கம்போல, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றாளாம். மீட்டிங்! நான் ஜெலுத்தோங்கில் எவர் வீட்டுக் குசினிக்கோ கீழே கிடந்தேன். சொந்தக்காரர்களுக்கு 'கெமிக்கல் பிசினஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லையே. அப்பா ரயில்வேயில் தலைமைக் கிளார்க். அவர் மகள் வீட்டுக்கடியில் தவழ்கிறாள் என்று தெரிந்தால் நம் யாழ்ப்பாணத்து ஆட்கள் சும்மா விடுவார்களா?

சபூரா வெறும் "ஹலோ" என்றுதான் எடுப்பாள். கஸ்டமரா, சொந்தமா என்று குரலிலேயே பிடித்துவிடுவாள். ஆனால் பேச ஆரம்பித்தால் அரைமணி நேரம். அதுதான் எனக்கு எரிச்சல்.

மே 31

இனி வர வேண்டாம் என்று சபூராவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக வாய் வரை வந்து வந்து போனது.

"பரவால்ல அக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இனிமே மெஷினா எடுக்கும்?"

"இல்லை, பெண்கள்தான். அக்கரையில்."

"அப்ப பொண்ணுங்கதானே" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பதினொரு வருஷம் இருந்தவள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, போனை ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 2

வெளியிலிருந்து நானே கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் என்ன மரியாதையாகக் கம்பெனிப் பெயரை முழுதாகச் சொன்னாள்! "கரையானா, எலியா, கரப்பானா மேடம்?" என்று கேட்டாள். பெருமையாக இருந்தது. நானும் பெரிய முதலாளி.

ஜூன் 8

ஒரு அழைப்பும் தவறவில்லை. ஆபீசில்தான் சத்தமே இல்லை.

ஜூன் 15

ஐயோ. ஐயோ, எனக்குப் புத்தி எங்கே போனது?

மத்தியானம் பேஜர் அடித்தது. 'ஈப்போ திருமதி செல்வநாயகி. பூச்சி எதுவும் இல்லையாம். சொந்த விஷயம்.'

பூச்சி எதுவும் இல்லையாம்! அந்தப் பெண் அக்காவிடமும் கரையானா, எலியா என்று கேட்டிருக்கிறாள். பாவம், அவள் என்ன செய்வாள்? யார் கூப்பிட்டாலும் அப்படி எடுக்கச் சொன்னது நான்தானே. சொந்தக்காரர்களும் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

ஜூன் 16

ஈப்போவுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. கௌரியிடம் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "நீங்க வெட்கப்படுற அந்த வேலையிலதான் அம்மா நான் படிச்சேன்" என்றாள்.

ஜூன் 22

செல்வநாயகி அக்காவே மாடி ஏறி வந்துவிட்டார். மருந்து டின்களை ஒளிக்கக்கூட நேரமில்லை. நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும், ஞானம்" என்றார். "மீட்டிங், மீட்டிங் எண்டு ரெண்டு தரம் சொன்னா உன்ர போன் எடுக்கிற பிள்ளை. மூண்டாம் தரம் நான் விடேல்ல. நீ தரைக்குக் கீழ படுத்து மகளைப் படிப்பிச்ச கதை முழுக்கச் சொன்னா. அதைக் கேட்டுத்தானே கௌரியையே எடுக்கிறதெண்டு முடிவு செய்தனான்."

நான் எழுந்து அக்காவுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன்.

"எங்க அந்தப் பிள்ளை? அவவையும் பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்."

நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். தேநீர் பாதி இருந்தது. நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் வந்தபோது இருந்த முகம் போகும்போது இல்லை.

ஜூன் 24

பெரிக் கப்பல் ஏறி அக்கரைக்குப் போய்ச் சபூராவைப் பார்த்தேன். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டதாம். திரும்பி வா என்றேன்.

"கோபம் எல்லாம் இல்லக்கா. அங்க பஸ் வீட்டு வாசலுக்கே வருது. போன் கிடையாது, பொய் சொல்ற வேலையும் கிடையாது. நிம்மதியா இருக்கேன்."

கட்டாயப்படுத்த எனக்கு என்ன முகம் இருக்கிறது?

செப்டம்பர் 3

செபராங் ஜெயாக்காரனை நிறுத்தியாயிற்று. தரைக்கடியில் போவது இனி அஜீஸ். போன் நான். முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

கௌரி கல்யாணம் நவம்பரில். சபூராவுக்குத்தான் முதல் பத்திரிகை அனுப்பினேன்.

காலையில் போன் அடித்தது. "கரையான் மருந்துக் கம்பெனி, ஞானாம்பிகை பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமா லா அக்கா?"

சபூராதான். கல்யாணத்துக்கு லீவு கேட்டாளாம், கொடுத்துவிட்டார்களாம். என்ன சேலை, எத்தனை பேர், அவள் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, என் முழங்கால் என்ன சொல்கிறது என்று அரைமணி நேரம் பேசினோம். நடுவில் கஸ்டமர் யாராவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடட்டும்.