பாட்டே இல்லாத படம்

1967 நவம்பர் 14, செவ்வாய்

இன்றும் கப்பல் வரவில்லை. கடல் கொந்தளிப்பாம், போர்ட் பிளேயரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இங்கே அந்தமானின் வடகோடியில், திக்லிபூர் கடைகளில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, உருளைக்கிழங்கும் இல்லை. எனக்கு அதில் கவலை இல்லை. மீன் இருக்கிறது.

மகன் ராஜமாணிக்கத்துக்கு ஆபீசில் கொடுத்த டைரி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சுசீலா எழுதுகிறாள். எழுத்துத் தெரியாத மனுசனுக்கு டைரி எதற்கு என்றான் மகன். நவம்பரில் கிடைக்கிற டைரியை வேறு யாருக்குத்தான் கொடுப்பது? எழுத்துத்தான் தெரியாதே தவிர எனக்கு மறதி கிடையாது. ரங்கூனில் குண்டு விழுந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்வேன். ரொட்டியும் கடலைப்பருப்பும். பாதியில் எழுந்து ஓடினேன்.

ஒரு விஷயத்தை எழுதச் சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சுசீலா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா, அன்னம்மாள் கடையப் பத்தித்தானே?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"தினமும் வீட்டுச் சோத்த மூடி வச்சிட்டு வெயில்ல படகுத்துறைக்கு நடக்குறீங்க. இதை வேற ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

சரி, எழுது. அன்னம்மாள் படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். இந்தத் தீவுக்கு வந்த புதிதில் மலேரியாவில் புருசன் போய்ச் சேர்ந்தார். அவளுக்கும் யாரும் இல்லை, என் வீட்டுக்காரி மங்களம் போயும் வெகுநாளாயிற்று. ஒரு வீட்டில் இருந்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் போவது? அதனால்தான் கேட்காமலே காலம் போகிறது.

நவம்பர் 16, வியாழன்

கப்பல் இல்லை. இன்றும் கேட்கவில்லை. நெத்திலி வறுவல்.

நவம்பர் 19, ஞாயிறு

சுசீலா, நிதானமாக எழுது. இது பெரிய சேதி.

நேற்று பள்ளிக்கூட மைதானத்தில் படம் காட்டினார்கள். அரசாங்கப் படம் காட்டுகிற பக்தவத்சலம் போன கப்பலில் வந்து ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பவர். அவர் காட்டுவதெல்லாம் நடந்த சங்கதி. அணைக்கட்டு, அம்மை ஊசி, மந்திரிக்கு மாலை, ஜப்பான் முறையில் நெல் நடவு. நடவுப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு ஹரிபதா அப்படியே நட்டான், விளைந்தது. அந்தத் திரையில் பொய் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

நேற்றும் முதலில் தென்னையில் வண்டு பிடிப்பதைக் காட்டினார். அது முடிந்த கையோடு, வேறு ஒன்றும் சொல்லாமல், இது ஆரம்பித்துவிட்டது.

பெரிய மேஜை. சுற்றிலும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள், நாட்டை ஆள்கிறவர்கள். சுவர் முழுக்கக் கடல் படம். ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் காணோம். அதில் அணுகுண்டு இருக்கிறது. நீதான் என் கப்பலை மூழ்கடித்தாய் என்கிறது ஒரு நாடு. நீதான் என் மேல் ஏவியிருக்கிறாய் என்கிறது இன்னொன்று. இரண்டு தலைவர்களும் டெலிபோனில் பேசிக்கொள்கிறார்கள். கப்பல் வராவிட்டால் இவனும் குண்டு போடுவான், அவனும் போடுவான். மைக்கில் பக்தவத்சலம் இந்தியில் சொல்லச் சொல்ல, எங்கள் வரிசைக்கு நான் தமிழில் சொன்னேன்.

சினிமா எனக்குத் தெரியாததில்லை. ரங்கூனில் பார்த்திருக்கிறேன். சினிமா என்றால் பாட்டு உண்டு, ராஜா உண்டு, குடம் தூக்குகிற பெண் உண்டு. இதில் பாட்டே இல்லை. ஒரு பெண் வந்தாள், அவளும் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தலைவர் அந்தக் காப்பியைத் தொடவில்லை. மேலே ஆடை கட்டிவிட்டது. பாட்டில்லாமல், காப்பியைக்கூடக் குடிக்காமல் யாராவது நடிப்பார்களா?

தலைவர் டெலிபோனைக் கையில் எடுக்கிறார். பொட்டென்று திரை வெளுத்துவிட்டது. பக்தவத்சலம் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்: "மிச்சம் அடுத்த ஜஹாஸ்ல, கப்பல்லதான் வரும். யாரும் கவலப்படாதீங்க."

அரசாங்கத்து ஆள் கவலைப்படாதே என்கிறார். ரங்கூனிலும் இதையேதான் சொன்னார்கள்.

நவம்பர் 20, திங்கள்

விடிந்து பார்த்தால் பக்தவத்சலம் ஊரில் இல்லை. படகில் அடுத்த குடியிருப்புக்குப் போய்விட்டார். தாசில்தாரும் டாக்டரும் முன்பே கூட்டத்துக்கென்று போர்ட் பிளேயர் போனவர்கள். ஏன் எல்லாப் பெரியவர்களையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்? ஜம்புலிங்கம் மளிகைக் கடை ரேடியோவில் பாட்டரி செத்துவிட்டது. புது பாட்டரியும் கப்பலில்தான் வர வேண்டும்.

படம் பார்க்காதவர்கள் என்னிடம் வந்தார்கள். விடாமல் சொன்னேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஹரிபதா கடைசிவரை கேட்டுவிட்டு, "தாதா, சப் கதம்?" என்றான். எல்லாம் முடிந்ததா என்கிறான். "கப்பல் வரலியே ஹரி" என்றேன். நான் சொன்னது படத்துக் கப்பலை. அவன் திரும்பி எங்கள் துறையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அங்கேயும் கப்பல் இல்லை.

நவம்பர் 21, செவ்வாய்

ஊரே விருந்து சாப்பிடுகிறது.

குண்டு விழப்போகிறது, கோழியை யாருக்காக வளர்ப்பது? ஹரிபதா குளத்தில் வலை போட்டு இருந்த மீனையெல்லாம் பிடித்து வீடு வீடாகக் கொடுத்தான். ஜம்புலிங்கத்துக்கும் அவர் தம்பிக்கும் வெகுநாளாகப் பாக்குத் தோட்ட வேலிச் சண்டை. தம்பி வேலியைப் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனான், அண்ணன் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். தெலுங்குக்காரர்கள் ராத்திரி பஜனை வைத்தார்கள், மலையாளத்து வாத்தியார் தாளம் போட்டார்.

அழிவு என்றால் அழுகையாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்? ரங்கூனில் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நவம்பர் 22, புதன்

கேட்டுவிட்டேன்.

அன்னம்மாள் கடையிலிருந்த பாசிப்பருப்பு, வெல்லம் எல்லாவற்றையும் கொட்டிப் பாயசம் வைத்து, துறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் முந்திரி மூட்டையோடு வந்து அங்கேயே இலை போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்புப் பக்கம் போய் நின்றேன்.

"அன்னம்மா, ஒரு சேதி."

"குண்டு எங்க வரைக்கும் வந்திருக்கு? காலையிலதான் சொன்னீரே."

"குண்டு இல்ல. என் சேதி."

"சொல்லும்."

"நீயும் நானும் ஒரே வீட்ல இருந்தா என்னன்னு…"

கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எத்தன நாளைக்கு?"

"இருக்கிற நாளைக்கு."

"அதை ஏன் நின்னுக்கிட்டுச் சொல்றீரு? உக்காரும். பாயசம் ஆறுது."

"பதில் சொல்லலியே."

"சரின்னுதான் சொல்றேன். காது கேக்கலியா?" அதே மூச்சில் திரும்பி, "அண்ணாச்சி, அடுத்த பந்திக்கு இலை போடுங்க!" என்று கத்தினாள்.

பாயசத்தில் உப்புப் போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

நவம்பர் 23, வியாழன்

மகனிடம் சொன்னேன். ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நல்லா இருங்கப்பா, எல்லாரும் போகத்தானே போறோம்" என்று எலும்பைத் தட்டிக்கொண்டே சொன்னான். சுசீலா இதை எழுதும்போது சிரிக்கிறாள். கோணல் மாணலாகப் போகிறது, பார்த்து எழுது.

நவம்பர் 25, சனி

கப்பல் வந்துவிட்டது.

நவம்பர் 26, ஞாயிறு

உருளைக்கிழங்கு வந்தது, பாட்டரி வந்தது, பழைய பேப்பர்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஒன்றிலும் குண்டு இல்லை. டாக்டர் இறங்கினார். துறையில் இருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, காணாமல் போன கப்பல் கிடைத்ததா என்று கேட்டார்கள். "எந்தக் கப்பல்? நான் வந்த கப்பலா?" என்றார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, அங்கே கிடந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது சினிமாவாம். நடிகர்களாம். கப்பல் அதிகாரிகள் கிளப்பிலிருந்து பக்தவத்சலம் இரவல் வாங்கி வந்ததாம்.

அவர் சிரித்ததைப் பார்த்து ஹரிபதா சிரித்தான், அப்புறம் எல்லாரும். "எல்லாம் நாகமுத்து பண்ணின வேலை! இவரு சொன்ன சொல்லுல எங்க வீட்டுச் சேவல் போச்சு!" என்று ஜம்புலிங்கம் என் தோளில் அடித்தார். அவர் தம்பியும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் சரி என்று சொன்னது எதற்கு? உலகம் முடியப் போகிறது, இந்தக் கிழவன் ஆசையாகக் கேட்கிறான், சொல்லிவிட்டுப் போவோம் என்றுதானே? இப்போது போய் நின்றால் அவளுக்குச் சங்கடம். கொடுத்த வார்த்தைக்காக ஒருத்தி வருவது… வேண்டாம்.

நவம்பர் 27, திங்கள்

மகனும் மாறிவிட்டான். "உலகம் அழியப் போகுதுன்னுதான் சரின்னேன். இப்ப ஆபீஸ்ல நாலு பேர் கேப்பாங்கப்பா."

சுசீலாதான் சொன்னாள்: "உலகம் அழியலேல்ல? அப்ப நீங்க சொன்ன வார்த்தையும் அழியல." அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான்.

நவம்பர் 29, புதன்

வீட்டிலேயே சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் சமைக்கிறாள் சுசீலா. எழுது, எழுது, நன்றாகத்தான் சமைக்கிறாய். இறங்கத்தான் மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

நேற்று மிச்சப் படம். பக்தவத்சலத்துக்கு ஊரில் நடந்த கதையைக் கேட்டு முகம் செத்துவிட்டது. புகார் எழுதுவார்கள் என்று பயந்தார். ஜம்புலிங்கம் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "போடுமய்யா முதல்ல, அந்தக் கப்பல் என்னாச்சுன்னு தெரியணும்" என்றார்.

சினிமா என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மைதானத்தில் மூச்சு விடுகிற சத்தம் இல்லை. தலைவர் டெலிபோனில், எனக்கு ஒரு மணி நேரம் கொடு என்கிறார். அந்தப் பக்கத்துத் தலைவர் பேசவே இல்லை. வெறும் பனிக்கடல். அப்புறம் பனியை உடைத்துக்கொண்டு, திமிங்கிலம் போல, அது மேலே வருகிறது! கம்பியில்லாத் தந்திப் பெட்டி பழுதாம், அவ்வளவுதான். மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஹரிபதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். தலைவர் அந்த ஆறின காப்பியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

எல்லாரும் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. அதில் அன்னம்மாள்.

"என்ன, கடைப் பக்கமே காணோம்? மீன் கசந்துபோச்சோ?"

"அன்னிக்கு நீ சொன்னது… குண்டு விழும்னு நெனச்சு. அதுக்காக நீ கட்டுப்பட வேண்டியதில்ல."

அவள் திரையைக் காட்டினாள். "அந்தத் தலைவர் இருக்காரே, போன வருசம் போர்ட் பிளேயர் சினிமாக் கொட்டாயில அவரைப் பார்த்தேன். குதிரை மேல வந்தாரு. ஆறு பேரைச் சுட்டாரு. மீசை வேற வச்சிருந்தாரு."

"அப்ப உனக்கு…"

"வண்டுப் படம் முடிஞ்சு அவரு மூஞ்சி வந்ததுமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? கடைச் சாமானெல்லாம் பாயசமாப் போச்சே!"

"அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டாங்க. ஜம்புலிங்கம் அண்ணாச்சி முந்திரி கொண்டாந்து நான் பார்த்ததுண்டா? நீரும் ஒரு வழியா வாயத் திறந்தீரு. இதையெல்லாம் கெடுக்கச் சொல்றீரா?"

ஒரு குண்டும் விழாது என்று தெரிந்துதான் அன்றைக்குக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கிறாள்.

திரையில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக எனக்கு ஒரு படத்தின் முடிவு நினைவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

அன்னம்மாள் கடையை விட்டு வரமாட்டாள். நான்தான் அங்கே போக வேண்டும். மகனிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கடைப் பின்கட்டு ஒழுகுமேப்பா" என்றான்.

டிசம்பர் 10, ஞாயிறு

காலையில் மகனும் ஹரிபதாவும் பின்கட்டுக்குத் தகரம் போட்டார்கள். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் உண்மையிலேயே வந்து கேட்டார்களாம். "எங்கப்பாவுக்குக் கல்யாணம், ஏணியப் பிடிங்க" என்றானாம். பிடித்தார்கள்.

டிசம்பர் 15, வெள்ளி

மாலை மாற்றிக்கொண்டோம். டாக்டர் வந்து, "கடைசி ரீல் ஆச்சா?" என்று கேட்டார்.

டிசம்பர் 24, ஞாயிறு

சுசீலா இப்போது கடைக்கு வந்துதான் எழுதுகிறாள். எழுத ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கின ரேடியோவில், எங்கேயோ இரண்டு நாட்டுத் தலைவர்களுக்குள் மனத்தாங்கல் என்று செய்தி சொன்னார்கள். அன்னம்மாள் அதைத் திருகி நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். மாவுப் பானையை நகர்த்த வேண்டுமாம். பெரிய பானை, ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். வருகிறேன்.